ஊர்வாயும் உள்வீடும்

இந்தியாவில் ஒரு மனிதனுடைய அந்தரங்கத்துக்குச் சட்டத்தில் என்ன மதிப்பு உண்டு என்று வக்கீல்களைக் கேட்டால், அவர்கள் எடுத்துக் காட்டும் தீர்ப்புகளில் முக்கியமான ஒன்று, கொலைக் குற்றங்களுக்காகத் தூக்குத் தண்டனை அடைந்த ஒருவனைப் பற்றியது. ஆட்டோ சங்கர் என்று வீட்டுக்கு வீடு பேசப்பட்ட அந்த மனிதன், 1995-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி, சேலம் மத்தியச் சிறைச்சாலையில் தூக்கிலிடப்பட்டான். அதற்கு ஆறு மாதம் முன்பு சுப்ரீம் கோர்ட்டில் பிறந்த தீர்ப்போ இன்றும் உயிரோடு இருக்கிறது.

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகப் போனால் திருச்செங்கோடு. அம்மையும் அப்பனும் ஒரே திருமேனியாக நிற்கும் அர்த்தநாரீசுவரர் மலையை அறியாதவர் கொங்கு நாட்டில் இல்லை. அந்த மலையடிவாரத்தில் ஒரு நாவலைப் பற்றி மூண்ட சச்சரவும் கோர்ட்டுக்குப் போய்ப் பெரிய தீர்ப்பாக முடிந்தது. பருத்தியும் நிலக்கடலையும் மரவள்ளியும் விளைகிற ஒரே சமவெளியில் இந்த இரண்டு விவகாரங்களும் வந்து சேர்ந்தது தற்செயல்தான். ஆனாலும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிக்கும்போது, "பொது ஒழுக்கம்", "மானம்", "அந்தரங்கம்" என்ற சொற்களை யார் எப்போது கையில் எடுக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிகிறது. ஆகவே, சட்டம் படியாத நாம் இதைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

சங்கர் சேலத்து மனிதன் அல்லன். அவனுடைய குற்றங்கள் சென்னையில் திருவான்மியூரைச் சுற்றி நடந்தவை. 1991-ஆம் வருஷம் மே 31-ஆம் தேதி செங்கற்பட்டு செஷன்ஸ் கோர்ட் அவனுக்கு மரண தண்டனை விதித்தது. மறு வருஷம் ஹைகோர்ட் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் அப்பீலைத் தள்ளிவிட்டது. செங்கற்பட்டு சப்ஜெயிலில் இருந்த காலத்தில் அவன் தன் வரலாற்றை 300 பக்கத்தில் எழுதி மனைவியிடம் கொடுத்திருந்தான் என்றும், அதை வெளியிடப் போவதாகவும் "நக்கீரன்" பத்திரிகை அறிவித்தது. பெரிய உத்தியோகஸ்தர்கள் சிலருக்கும் தனக்கும் இருந்த நெருக்கத்தை அவன் அதில் எழுதியிருப்பதாகவும் சொல்லப்பட்டது. அவ்வளவுதான், சிறை இலாகாவின் தலைமை அதிகாரியிடமிருந்து பத்திரிகைக்குக் கடிதம் பறந்தது. அந்த வரலாறு பொய், அவன் எழுதியதே அன்று, அதை வெளியிடுவது சிறை விதிகளுக்கு விரோதம், மீறினால் சட்டப்படி நடவடிக்கை என்பது அதன் சாரம்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தூக்குக் கயிற்றை எதிர்நோக்கி இருந்தவன் தன் கதையைச் சொல்லாதே என்று கேட்கவில்லை. கொலையுண்டவர்களின் குடும்பத்தார் கேட்டதாகவும் வழக்கில் இல்லை. கேட்டது சர்க்கார். தங்கள் பெயர் கெடும் என்பதற்காகவே உத்தியோகஸ்தர்கள் திரையைப் பிடித்து இழுத்தார்கள் என்பது பத்திரிகையின் வாதம்.

1994 அக்டோபர் 7-ஆம் தேதி நீதிபதிகள் ஜீவன் ரெட்டியும் சுஹாஸ் சென்னும் தீர்ப்பளித்தார்கள். அரசியல் சாஸனத்தின் 21-ஆவது ஷரத்தில் உயிரும் சுதந்திரமும் காக்கப்படுகின்றன அல்லவா? அந்தரங்க உரிமை அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது என்றார்கள். ஒருவன் தன் குடும்பம், விவாகம், பிள்ளைப்பேறு, தாய்மை, கல்வி முதலியவற்றில் தன்னைத் தன்பாட்டில் விட்டுவிடும்படி கேட்கலாம். அவன் சம்மதமின்றி இவற்றை எவரும் அச்சேற்றலாகாது. ஆனால் கோர்ட்டு ரிக்கார்டுகளில் ஏற்கனவே ஏறிவிட்ட செய்தி பொதுச் சொத்து. அதைப் பிரசுரிக்கத் தடை இல்லை. சர்க்கார் உத்தியோகஸ்தர் தம் உத்தியோகத்தில் செய்த காரியத்தைப் பற்றி எழுதினால், அந்தரங்கம் என்று சொல்லி அவர் ஒளிந்துகொள்ள முடியாது. எழுதியது பொய் என்றும், உண்மையைப் பற்றிய கவலையே இல்லாமல் எழுதப்பட்டது என்றும் அவர் நிரூபித்தால் மட்டுமே பரிகாரம் உண்டு. அதுவும் அச்சான பிறகுதான். அச்சாகும் முன்பே வாயைப் பொத்துவதற்குச் சர்க்காருக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை.

இதில் வியப்பானது, அந்தக் கொலைகாரனுக்கும் அந்தரங்கம் உண்டு என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்டதுதான். ரிக்கார்டில் இல்லாத அவனுடைய சொந்த வாழ்க்கையை அவன் சம்மதமில்லாமல் எழுதினால் பத்திரிகை அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றார்கள். பலாத்காரத்துக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்களின் பெயர், ரிக்கார்டிலேயே இருந்தாலும் பத்திரிகையில் வரலாகாது என்ற விலக்கையும் சேர்த்தார்கள். தூக்குத் தண்டனைக் கைதிக்கு ஒரு மறைவு, அவமானத்துக்கு ஆளான பெண்ணுக்கு ஒரு மறைவு, அதிகாரத்தில் இருப்பவருக்கு அந்த அதிகாரத்தைப் பொறுத்தவரையில் மறைவே இல்லை. வலியவன் வீட்டுக்கு மதிலும் எளியவன் வீட்டுக்குத் திறந்த வாசலுமாக இருக்கிற உலக வழக்கத்தை இது தலைகீழாக்குகிறது. நமக்கு இந்தத் தீர்ப்பில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

இவ்வளவு முக்கியமான உரிமை சாஸனத்தில் ஏன் வெளிப்படையாக எழுதப்படவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். 1947-இல் அடிப்படை உரிமைகளை ஆராய்ந்த உபகமிட்டியின் ஆரம்ப நகல்களில் வீட்டின் காப்பும் கடிதப் போக்குவரத்தின் இரகசியமும் இடம் பெற்றிருந்தன. நம் சென்னை வக்கீல் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும், பி. என். ராவும், குற்றங்களைத் துப்பறிவதற்கு இவை இடையூறாகும் என்று ஆட்சேபித்தார்கள். அவை விடப்பட்டன. அடுத்த வருஷமே, 1948 டிசம்பர் 10-ஆம் தேதி, பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை சர்வதேச மனித உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. அதன் 12-ஆவது ஷரத்து, எவருடைய அந்தரங்கத்திலும் குடும்பத்திலும் வீட்டிலும் கடிதத்திலும் காரணமின்றித் தலையிடலாகாது, மானத்தையும் நற்பெயரையும் தாக்கலாகாது என்கிறது. அதே பிரகடனத்தின் 29-ஆவது ஷரத்து, ஒழுக்கத்தின் நியாயமான தேவைக்காகச் சட்டம் உரிமைகளுக்கு எல்லை கட்டலாம் என்கிறது. மாமியாரையும் மருமகளையும் ஒரே வீட்டில் குடிவைத்த கதைதான்.

1966-இல் உருவான சிவில், அரசியல் உரிமைகளின் சர்வதேச உடன்படிக்கையிலும் இதே குடித்தனம். அதன் 17-ஆவது ஷரத்து அந்தரங்கத்தைக் காக்கிறது. 19-ஆவது ஷரத்து, பேச்சுரிமையைப் பொது ஒழுக்கத்தின் பொருட்டுக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. இந்தியா 1979-இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. சேரும்போது, இத்தகைய கட்டுப்பாட்டு ஷரத்துக்களை நம் சாஸனத்தின் 19-ஆவது ஷரத்துக்கு இணங்கவே அமல் செய்வோம் என்று ஒரு குறிப்பையும் எழுதி வைத்தது. நம் சாஸனத்திலும் "கண்ணியம் அல்லது ஒழுக்கம்" என்ற சொற்கள் உண்டு.

அப்படியானால் ஒழுக்கம் என்பது யாருடைய ஒழுக்கம்? இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் கமிட்டி 1993-இல் சொன்ன விளக்கம் நம் ஊர்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கிறது. ஒழுக்கம் பற்றிய எண்ணம் பல சமூகங்கள், பல தத்துவங்கள், பல மதங்களிலிருந்து வருவது. ஆகையால் ஒரே ஒரு பரம்பரையின் வழக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு எல்லோர் உரிமைக்கும் எல்லை கட்டலாகாது என்றது கமிட்டி. மறு வருஷம், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், மனமொத்த ஆடவர் இருவரின் அந்தரங்க உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை எதிர்த்து டூனன் என்பவர் முன்பே செய்திருந்த முறையீட்டில் கமிட்டி முடிவு சொன்னது. ஒழுக்க விஷயம் எங்கள் வீட்டு விஷயம், வெளியார் கேட்கக் கூடாது என்ற பதிலைக் கமிட்டி ஏற்கவில்லை. அதை ஏற்றால் எந்த அந்தரங்கமும் எந்தச் சர்க்காரிடமும் தப்பாது என்பதே அதன் கருத்து. சட்டம் ஏட்டில்தான் இருக்கிறது, அதன்படி வழக்கே போடுவதில்லை என்றால், ஒழுக்கத்தைக் காக்க அது அவசியம் என்று எப்படிச் சொல்ல முடியும் என்றும் கேட்டது.

பொது ஒழுக்கம் என்பதே வெறும் வேஷம் என்று சொல்ல நாம் வரவில்லை. அப்படிச் சொன்னால் சேலம் ஜில்லாவில் ஒருவரும் கேட்க மாட்டார்கள். ராஜாஜி 1925-இல் திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். அங்கிருந்துதான் 1929-இல் மதுவிலக்குக்கென்றே "விமோசனம்" என்ற பத்திரிகை வெளிவந்தது. "கல்கி" அவர்கள் அதில் உழைத்தவர். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாணத்திலேயே முதலாவதாக, இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் அடங்கிய அன்றைய சேலம் ஜில்லாவில் மதுவிலக்குச் சட்டம் அமலுக்கு வந்தது. அதனால் குறைந்த வருமானத்தை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. அன்று அந்தச் சட்டத்தை வாழ்த்தியவர்களும் உண்டு, மரமேறிப் பிழைத்தவர்கள் வயிற்றில் அடித்தது என்று வருந்தியவர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் அது சட்டசபையில் வாதம் நடந்து, ஓட்டெடுத்து, அச்சிட்டு வந்த சட்டம். குடியினால் விளையும் கேடு இன்னது என்று கண்ணுக்குக் காட்டக்கூடியது. சட்டம் இருக்க வேண்டும், அதற்கு நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சிக் கை நீளக் கூடாது என்றுதான் சர்வதேசச் சட்டமும் கேட்கிறது.

இனி திருச்செங்கோட்டுக்கு வருவோம்.

நாமக்கல் அரசினர் கலைக் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த பெருமாள்முருகன் எழுதிய "மாதொருபாகன்" என்ற நாவல் 2010-இல் வெளிவந்தது. காளி என்ற குடியானவன், அவன் மனைவி பொன்னா. ஒருவர் மேல் ஒருவர் உயிராக இருக்கும் தம்பதிகள். விவாகமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. மலைக்கோயில் தேர்த் திருவிழாவின் ஓர் இரவில், பிள்ளையற்ற பெண் தெய்வத்தின் பெயரால் வேற்று ஆடவனிடம் பிள்ளை வரம் பெறலாம் என்று அந்நாளில் ஒரு வழக்கம் இருந்ததாகக் கதை போகிறது. நான்கு வருஷம் ஊரில் ஒரு சத்தமும் இல்லை. ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பிறகு, 2014 டிசம்பரில் பிரதிகள் கொளுத்தப்பட்டன. 2015 ஜனவரி 9-ஆம் தேதி திருச்செங்கோட்டில் கடையடைப்பு. ஊரையும் கோயிலையும் சாதியையும் பெண்களின் மானத்தையும் இழிவுபடுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

ஜனவரி 12-ஆம் தேதி நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட வருவாய் அதிகாரி "சமாதானக் கூட்டம்" நடத்தினார். வருத்தம் தெரிவிக்கிறேன் என்று ஆசிரியர் எழுதியது போதாது என்றார்கள். "நிபந்தனையற்ற மன்னிப்பு" என்று எழுதி வாங்கினார்கள். சர்ச்சைக்குரிய பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்றெல்லாம் ஒப்பந்தம். அதன்பின் அவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று உலகுக்கு அறிவித்துவிட்டுப் பேனாவை வைத்தார்.

ஊரார் மனம் புண்பட்டது பொய் என்று நாம் சொல்லவில்லை. திருச்செங்கோட்டில் பிறந்த பெண்ணை வெளியூரில் ஒருவன் ஏளனமாகப் பார்த்துச் சிரித்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? அந்த நோவை அற்பம் என்று தள்ளுகிறவர்கள் நம் ஊர்களில் குடியிருந்து பார்க்க வேண்டும். ஊரின் உண்மைப் பெயரைக் கதையில் வைத்ததும் நோவைக் கூட்டியது. இனி வரும் பதிப்பில் ஊர்ப் பெயரை எடுத்துவிடுகிறேன் என்று ஆசிரியரே சொல்லிப் பார்த்தார். ஆனால் நோவு என்பது ஒன்று, உரிமை என்பது வேறொன்று. உடன்படிக்கையின் 17-ஆவது ஷரத்து மானத்தைக் காக்கிறது என்றோம். அது தனி மனிதரின் மானம். இன்ன வீட்டில் இன்னாரைப் பற்றி இப்படி எழுதினார் என்று ஒருத்தி சொன்னால், கோர்ட்டு அவள் பக்கம் நின்று கேட்கும். ஊருக்குப் பள்ளியறை கிடையாது. சாதிக்கும் கிடையாது. நூறு வருஷத்துக்கு முந்திய ஒரு கற்பனைப் பெண்ணின் வாழ்வை எழுதியதால் இன்றைய பெண் ஒருத்தியின் அந்தரங்கம் திறக்கப்பட்டது என்று சொல்வது எப்படி? வியாஸரால் அம்பிகையும் அம்பாலிகையும் பிள்ளை பெற்ற கதையை நம் பாட்டிமார் இராத்திரி வேளையில் பேரக் குழந்தைகளுக்குச் சொல்லித்தானே வளர்த்தார்கள்! அஸ்தினாபுரத்துப் பெண்களுக்கு அவமானம் என்று எவரும் கடையடைக்கவில்லை.

எதிர்த்தவர்களில் எத்தனை பேர் நாவலை முழுவதும் படித்தார்கள் என்பது நமக்குச் சந்தேகமே. படித்தவர்களுக்குத் தெரியும், அது திருவிழா இரவைப் பற்றிய கதை அன்று. அந்தரங்கம் இழந்த தம்பதிகளின் கதை. பிள்ளை இல்லை என்ற ஒரே காரணத்தால் காளியையும் பொன்னாவையும் பற்றிப் பேசாத வாய் இல்லை. உறவினரும் அண்டை அயலாரும், கண்ட கண்ட பேரும், "இன்னும் ஒன்றும் இல்லையா?" என்று கேட்டுக் கேட்டு அவர்களை அந்த இரவை நோக்கித் தள்ளிக்கொண்டு போகிறார்கள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? அந்த ஊர்வாயே கடைசியில் புத்தகத்தின் மேலும் பாய்ந்தது.

நேயர்கள் இதைக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். நம் கலியாண வீடுகளில் பந்தி பரிமாறி முடிவதற்குள் புதுமணப் பெண்ணிடம் "விசேஷம் உண்டா?" என்று எத்தனை பேர் கேட்கிறார்கள்? கேட்பவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். பொன்னாவைக் கேட்டவர்களிலும் பலர் அப்படித்தான். பள்ளிக்கூடத்திலும் இதே கதை. பிள்ளையைச் சேர்க்க வருகிற தாயிடம், வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "தகப்பனார் எங்கே? ஏன் வரவில்லை?" என்று கேட்பதை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். மணமாகாத தாய் ஒருத்தி, தன் குழந்தைக்குக் காப்பாளராவதற்குத் தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, அது அவளுடைய அந்தரங்கம் என்று சுப்ரீம் கோர்ட் 2015 ஜூலையில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு எத்தனை பள்ளிக்கூடக் குமாஸ்தாக்களின் மேஜையை எட்டியிருக்கும்!

திருச்செங்கோட்டு வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்குப் போயிற்று. கலெக்டர் ஆபீஸ் ஒப்பந்தம் செல்லாது என்று எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் மனுச் செய்தார். புத்தகத்தைத் தடுக்க வேண்டும், ஆசிரியர் மேல் வழக்குத் தொடர வேண்டும் என்று எதிர்த்தரப்பு மனுக்களும் வந்தன. 2016 ஜூலை 5-ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் தீர்ப்பளித்தார்கள். நாவல் ஆபாசமன்று. பிடிக்காத புத்தகத்தைப் படிக்கும்படி எவரும் கட்டாயப்படுத்தவில்லை, மூடி எறிந்துவிடலாம். கலெக்டர் ஆபீஸில் எழுதி வாங்கியது எவரையும் கட்டுப்படுத்தாது. ஊரில் கலகம் வரும் என்று பயந்து எழுதுகிறவனை அடக்குவது சர்க்காரின் வேலை அன்று, எழுதுகிறவனைக் காப்பதே வேலை. இத்தகைய சச்சரவுகளில் ஆலோசனை சொல்ல, இலக்கியமும் கலையும் அறிந்தவர்கள் அடங்கிய நிபுணர் குழு வேண்டும் என்றும் சொன்னார்கள். ஆசிரியர் மீண்டும் உயிர்த்தெழுந்து எழுதட்டும் என்று முடித்தார்கள்.

அந்தச் சமாதானக் கூட்டத்தில் சட்டம் இல்லை, வழக்கு இல்லை, விசாரணை இல்லை, நீதிபதி இல்லை. "பொது" என்று அங்கே வந்து உட்கார்ந்தவர்களை எவரும் தேர்ந்தெடுக்கவும் இல்லை. 1937-இல் கள்ளுக்கடையை மூடச் சட்டசபை தேவைப்பட்டது. 2015-இல் ஒரு மனிதனின் வாயை மூட ஒரு மேஜையும் நான்கு நாற்காலியும் போதுமாக இருந்தன.

அடுத்த வருஷம் கவுல் அவர்கள் டில்லியில் சுப்ரீம் கோர்ட் நீதிபதியானார். ஆதார் எண்ணை எதிர்த்து, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற கேள்வியை விசாரித்த ஒன்பது நீதிபதிகளில் அவரும் ஒருவர். 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி ஒன்பது பேரும் ஒருமனதாக ஆம் என்றார்கள். 1954-லும் 1962-லும் வந்த மாறான தீர்ப்புகள் அந்த அளவில் அகன்றன. அல்லாடியும் ராவும் விட்டுவிட்டதை எழுபது வருஷம் கழித்துக் கோர்ட்டு எழுதிச் சேர்த்தது என்றே சொல்லலாம். சேலத்துத் தூக்குத் தண்டனைக் கைதியின் வழக்கும் அந்தத் தீர்ப்பில் எடுத்தாளப்பட்டது. 2018 செப்டம்பரில், டூனன் முறையிட்ட அதே விஷயத்தில், பெரும்பாலோரின் ஒழுக்கம் வேறு, சாஸனத்தின் ஒழுக்கம் வேறு என்று ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். 2019 டிசம்பரில், மணமாகாத இருவர் ஒரே அறையில் தங்கினார்கள் என்ற காரணமும் சொல்லிக் கோயமுத்தூரில் பூட்டி முத்திரையிடப்பட்ட விடுதி ஒன்றைத் திறக்கும்படி சென்னை ஹைகோர்ட் உத்தரவிட்டது. அது எந்தச் சட்டப்படி குற்றம் என்று கேட்டதற்குச் சர்க்கார் தரப்பில் பதில் இல்லை.

பெருமாள்முருகனும் மீண்டும் எழுதினார். மனிதர்களைப் பற்றி எழுதுவதற்குத் தமக்கு அச்சமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, 2016 முடிவில் வெளியிட்ட நாவலுக்குப் "பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை" என்று பெயர் வைத்தார்.